பொழுது படும்முன்: திறந்தவெளி நாடகத்துக்கு மேடைக்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலைகள்

நாடகம் போடுவோம் என்று சொன்னால் நடிக்கப் பத்துப் பேர் கை உயர்த்துவார்கள். ‘பின்னுக்கு நிற்க ஆர் வாறியள்?’ என்று கேட்டால் அதே பத்துப் பேரும் தரையைப் பார்ப்பார்கள். கடைசியில் வேடம் கிடைக்காத இரண்டு பெடியன்களிடம் அந்த வேலை போய்ச் சேரும். எதை எப்போது செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இது அவர்களுக்காக எழுதியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கோயில் வெளிகளிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் பின்னுக்கு நின்று பழகியதைத்தான் சொல்கிறேன். நல்ல மண்டபம் கிடைத்தவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. இங்கே மேடையையும் கரண்டையும் மட்டுமல்ல, இருட்டையும் நாங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

விளக்க வசதிக்காக ஒரு நாடகத்தை வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம், பன்னிரண்டு நடிகர்கள், நாலு காட்சிகள்: வீட்டு முற்றம், வயல் வரம்பு, கந்தோர் விறாந்தை, மறுபடி முற்றம். சாமான்கள்: ஒரு கிணறு, ஒரு சைக்கிள், ஒரு அரிக்கன் லாம்பு, ஒரு கடிதம். தயார் செய்ய ஆறு கிழமை.

பொழுது படும்முன் முடியாத வேலை இரவில் முடியாது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்தக் கணக்கில்தான் போட்டது.

1. திகதியும் அனுமதியும்

அழைப்பிதழ் அடித்த பிறகு யோசிக்கிற விஷயமில்லை திகதி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, திறந்தவெளியை மறந்துவிடுங்கள். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. மழை இருக்காது, ஆனால் சாமான் ஏற்ற உழவு இயந்திரமும் பெட்டியும் கிடைக்காது, தூக்க இளந்தாரிகளும் கிடைக்க மாட்டார்கள். சித்திரையில் பின்னேரம் இடிமழை வரலாம். வைகாசியில் கோயில் பொங்கல்கள். ஒலிபெருக்கி வாடகைக்குத் தரும் செற்காரரும் லைட்காரரும் கையில் அகப்பட மாட்டார்கள். ஆனி முதல் ஆவணி வரை காற்று திரையைக் கிழிக்கும்.

பிரச்சினை இல்லாத மாதம் இல்லை. எந்த மாதத்தைத் தெரிவு செய்கிறீர்களோ அதன் பிரச்சினைக்குத் தயாராகுங்கள். எனக்குக் காற்றைவிடச் சித்திரை மழை பரவாயில்லை. மழை வந்தால் தறப்பாளை இழுத்து மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கலாம். காற்று அப்படி நின்று விடாது.

திகதி முடிவானதும் இரண்டு கடிதங்கள். ஒன்று, இடத்துக்குப் பொறுப்பானவருக்கு: பள்ளிக்கூடம் என்றால் அதிபர், கோயில் என்றால் நிர்வாகம், பொது மைதானம் என்றால் பிரதேச சபை. மற்றது, ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிசுக்கு. இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அனுமதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிற நேரம்தான் உங்கள் நேரம். ரிக்கற் விற்றுப் போடும் நாடகம் என்றால் நாடக எழுத்துருவுக்கு வேறு அனுமதி எடுக்க வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அதன் பிறகு முடிகிற நேரத்திலிருந்து பின்நோக்கி எண்ணுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டோர ஊர்களில் யானைக்குப் பயந்து சனம் எட்டரைக்கே எழும்பத் தொடங்கும். ஏழு மணிக்குத் திரை திறந்தால்தான் கடைசிக் காட்சிக்கு ஆட்கள் இருப்பார்கள். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் அதற்கு முன்னா பின்னா என்பதை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன பத்து நிமிட உரை முக்கால் மணி நேரம் போகும்.

2. ஆட்களைப் பிரித்தல்

குறைந்தது ஏழு பேர் வேண்டும்: மேடை முகாமையாளர் (கொப்பியோடு நின்று கட்டளை கொடுப்பவர்; இனி ‘நீங்கள்’ என்பது இவரைத்தான்), சாமான்களுக்கு ஒருவர், உடுப்புக்கும் ஒப்பனைக்கும் இருவர், ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், திரைக்கு ஒருவர். எட்டாவது ஆள் கிடைத்தால் அவரை வெளியே நிறுத்துங்கள். ஜெனரேற்றர், வயர், மேடைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்க்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் அவர் பொறுப்பு.

நடிக்கிறவருக்குப் பின்வேலை கொடுக்காதீர்கள். ‘மூன்றாம் காட்சியில் நான் சும்மாதானே நிற்கிறேன், திரையை நானே இழுக்கிறேன்’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவர் சும்மா நிற்கவில்லை. நாலாம் காட்சிக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு நிற்கிறார். இரண்டு வேலையும் கெடும்.

அடுத்தது கசப்பானது. நிகழ்ச்சி நாள் திரை திறந்த நிமிடத்திலிருந்து நெறியாளருக்குப் பின்னால் வேலை இல்லை. அவர் சனத்தோடு முன்னுக்குப் போய் இருக்க வேண்டும். பின்னால் இரண்டு பேர் கட்டளை கொடுத்தால் லைட் பெடியன் யார் சொல்வதைக் கேட்பான்? இதை முதல் நாள் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். நெறியாளர் உங்களுக்குப் படிப்பித்த மாஸ்ரராக இருந்தாலும் பேசத்தான் வேண்டும். ‘சேர், அண்டைக்கு நீங்கள் முன் கதிரையில இருந்து பாக்க வேணும்’ என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

3. கொப்பி

இதை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு மற்றதெல்லாம் பாதி வேலைதான்.

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். எழுத்துருவை ஒற்றைப் பக்கமாகப் போட்டோக் கொப்பி எடுத்து, கொப்பியின் வலது பக்கங்களில் மட்டும் ஒட்டுங்கள். இடது பக்கம் வெறுமையாக இருக்கட்டும். மேடையில் மாறுகிற ஒவ்வொன்றையும் அது மாறுகிற வரிக்கு நேரே இடது பக்கத்தில் எழுத வேண்டும்: லைட், சத்தம், திரை, சாமான் போவது, வருவது.

பென்சிலால் எழுதுங்கள். கடைசிக் கிழமை வரை வசனம் மாறும். ஒளிக்குச் சிவப்பு, ஒலிக்கு நீலம், திரைக்கும் சாமானுக்கும் பச்சை என்று கலர்ப் பென்சில் வைத்துக்கொண்டால் இருட்டில் தேடுவது குறையும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு இலக்கம். இடையில் புதிதாக ஒன்று வந்தால் 12அ என்று போடுங்கள். பின்னால் உள்ள இலக்கங்களை மாற்றாதீர்கள். ஒளிக்காரரும் ஒலிக்காரரும் தங்கள் தாளில் பழைய இலக்கத்தைத்தான் வைத்திருப்பார்கள்.

மாற்றம் எதைப் பிடித்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும். ‘தாய் அழுததும் லைட் குறையும்’ என்று எழுதினால் போதாது. அழுகை எப்போது தொடங்குகிறது என்று இரண்டு பேர் இரண்டு விதமாக நினைப்பார்கள். ‘தாய் முந்தானையை வாயில் வைத்ததும்’ என்று கண்ணால் காணக்கூடிய ஒன்றை எழுதுங்கள். வசனமென்றால் வரியின் கடைசிச் சொல்லைக் கோடிடுங்கள். சொல்லி, கேட்டு, கை போய், லைட் மாற ஒரு நொடி ஆகும். அதனால் வேகமான இடங்களில் கடைசிக்கு முந்திய சொல்லில் பிடிப்பது நல்லது.

கட்டளைக்கு இரண்டே சொற்கள். மாற்றத்துக்கு அரைப் பக்கம் முன்னால் ‘பன்னிரண்டு ரெடி’. அந்த நொடியில் ‘போடு’. ‘போடு’ என்ற சொல்லைப் பின்னால் வேறு எதற்கும் பாவிக்கக்கூடாது. ஒருமுறை நான் லைட் பெடியனிடம், ‘தம்பி, பன்னிரண்டைப் போடுற நேரம் இன்னும் வரேல்லை’ என்று காதுக்குள் சொன்னேன். அவனுக்குக் கேட்டது ‘பன்னிரண்டைப் போடு’ மட்டும்தான். வயலில் நடுப்பகல் வெயிலில் நின்ற கதாநாயகன் நொடியில் நள்ளிரவுக்குள் போனான்.

கொப்பி முடிந்ததும் அதிலிருந்து நாலு தாள்களைப் பிரித்து எடுங்கள்: சாமான், உடுப்பு, ஒளி, ஒலி. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தாள் மட்டும் இருந்தால் போதும். எல்லோருக்கும் முழு எழுத்துரு கொடுத்தால் எல்லோரும் கதை வாசிப்பார்கள்.

4. இடத்தை அளத்தல்

பழகத் தொடங்கிய இரண்டாம் கிழமைக்குள் மேடை போடும் இடத்துக்கு அளவு நாடாவோடு போங்கள். நிகழ்ச்சி நடக்கிற அதே நேரத்துக்குப் போங்கள். காலையில் போனால் பின்னேரத்து வெயிலும் காற்றும் தெரியாது.

அளக்க வேண்டியவை: மேடையின் அகலம், ஆழம், உயரம், இரு பக்கத்திலும் நடிகர்கள் காத்து நிற்கும் இடம், பின் திரைக்குப் பின்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் வழி. கடைசி இரண்டையும்தான் புதியவர்கள் விடுவார்கள். நிரந்தரக் கலையரங்கு என்றால் பின் சுவர் ஒட்டியபடி இருக்கும், வழி இருக்காது. அப்போது மேடையை விட்டு இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுக்கு எத்தனை நொடி என்று ஓடிப் பாருங்கள். வலது பக்கத்தால் போன அண்ணன் இரண்டு வசனத்துக்குள் இடது பக்கத்தால் வர வேண்டுமென்றால் எழுத்துருவை மாற்ற வேண்டியும் வரலாம். அதை இரண்டாம் கிழமையில் மாற்றலாம், ஆறாம் கிழமையில் மாற்ற முடியாது.

மேடை 20 அடிக்கு 16 அடி என்று வைத்தால், பழகும் இடத்திலும் அதே அளவை நிலத்தில் உமிச் சாம்பலால் கோடு போடுங்கள். பெரிய வளவில் பழகியவர்கள் சின்ன மேடையில் ஏறியதும் ஒருவர் மேல் ஒருவர் முட்டுவார்கள்.

சூரியன் எந்தப் பக்கம் படுகிறது என்றும் பாருங்கள். ஆடியில் ஆறரை மணியளவில்தான் பொழுது படும். கார்த்திகையில் ஆறுக்கு முன்பே படும். பட்ட பிறகும் இருபது நிமிடமளவுக்கு வெளிச்சம் நிற்கும். அதற்குள் தொடங்கினால் நீங்கள் போடும் எந்த லைட்டும் தெரியாது.

5. சாமான்கள்

நாலாம் கிழமையிலிருந்து நடிகர்கள் கையில் சாமான் இருக்க வேண்டும். அசல் இல்லாவிட்டால் அதே பாரமும் அளவும் உள்ள மாற்று. வெறுங்கையால் பழகியவர், அன்றைக்கு லாம்பைப் பிடித்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாடகம் முடியும்வரை தூக்கிக்கொண்டு திரிவார்.

கிணறு, தூண், பாறை போன்றவற்றை ரெஜிபோமில் வெட்டுவது சுலபம், தூக்கவும் லேசு. ஆனால் அதில் நேரே எனாமல் பெயின்ற் பூசாதீர்கள், தின்னர் ஊற்றாதீர்கள். ரெஜிபோம் கரைந்து குழி விழும். முதலில் பழைய கடதாசியைப் பசையால் ஒட்டி மூடி, காய்ந்த பிறகு தண்ணீரில் கரைகிற சுவர்ப் பெயின்ற்றைப் பூசுங்கள். அடியில் இரண்டு மணல் பொட்டலம் வையுங்கள். ரெஜிபோம் கிணறு காற்றில் உருண்டு போவதை ஒருமுறை பார்த்தால் சனம் அதன் பிறகு அழாது.

அரிக்கன் லாம்பில் மண்ணெண்ணெய் வேண்டாம். துணித் திரை, கிடுகு மறைப்பு, முந்தானை எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. சிமினிக்குள் செம்மஞ்சள் கடதாசி சுற்றி ஒரு சின்ன எல்.இ.டி விளக்கை வைத்தால் பத்தடிக்கு அப்பால் வித்தியாசம் தெரியாது. அப்படியிருந்தும் மேடையின் இரு பக்கமும் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் வைத்துவிடுங்கள்.

கடிதத்தில் உண்மையிலேயே எழுதுங்கள். வெற்றுத்தாளைப் பார்த்து வாசிப்பதுபோல நடிப்பவர் ஒருநாள் வசனத்தை மறப்பார். பெரிய எழுத்தில் முழு வசனமும் அதில் இருந்தால் அவர் தப்பினார், நீங்களும் தப்பினீர்கள். கிழியக்கூடியது, உடையக்கூடியது, தின்னக்கூடியது எல்லாவற்றிலும் இரண்டு வையுங்கள்.

இனிச் சாமான் மேசை. மேடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாங்கு அல்லது மேசை. அதில் வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு சாமானையும் வைத்துச் சுற்றிக் கோடு கீறி, உள்ளே பெயரும் காட்சி இலக்கமும் எழுதுங்கள். கோடு வெறுமையாக இருந்தால் அந்தச் சாமான் வெளியே என்று ஒரே பார்வையில் தெரியும். நடிகர் சாமானை மேசையிலிருந்து எடுத்து, முடிந்ததும் மேசையிலேயே வைக்க வேண்டும். சட்டைப் பையில் வைத்திருக்க விடாதீர்கள்.

இது எனக்குப் படிந்தது ஒரு கடிதத்தால். முதல் காட்சியில் தம்பியார் கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தார். மூன்றாம் காட்சிக்கு வேறு சேட். கந்தோர் விறாந்தையில் நின்று பையைத் தடவுகிறார், கடிதம் இல்லை. திரைப் பக்கம் திரும்பி, ‘அண்ணை, அது மற்றச் சேட்டுக்குள்ள’ என்கிறார், மைக் முன்னால்.

இரவல் சாமானுக்குத் தனித் தாள்: என்ன, யாருடையது, எப்போது திருப்பிக் கொடுப்பது. அம்மம்மாவின் பித்தளைச் செம்பை வாங்கி நசித்துக் கொடுத்தால் அடுத்த நாடகத்துக்கு அந்த வீட்டுப் படலை திறக்காது.

6. உடுப்பும் ஒப்பனையும்

உடுப்பை நடிகர்வாரியாக அல்ல, காட்சிவாரியாகத் தொங்கவிடுங்கள். ஒருவர் எத்தனை நிமிடத்தில் மாற்ற வேண்டும் என்பதைக் கொப்பியிலிருந்து கணக்கெடுத்து, இரண்டு நிமிடத்துக்குக் குறைவான இடங்களைத் தனியே பழகுங்கள். அப்படியான இடங்களில் பொத்தானைக் கழற்றிவிட்டு ஒட்டுப்பட்டி தைப்பது, அடுத்த சாரத்தை உள்ளேயே உடுத்தியிருப்பது எல்லாம் செய்யலாம்.

வெள்ளை வேட்டி உடுத்தியவர்கள் செம்மண்ணில் நடந்து வந்து மேடையேறினால் கரை முழுக்கச் சிவப்பு. மேடைப் படியில் ஈரச் சாக்குப் போடுங்கள். உடுப்பு மாற்றும் இடத்தில் பாய் விரியுங்கள்.

புதிய ஒப்பனைப் பொருள் எதையும் அன்றைக்கு முதன்முதலாகப் பூசக்கூடாது. முதல்நாள் முழங்கையின் உட்பக்கம் பூசிப் பாருங்கள். மீசை ஒட்டும் பசைக்கு இது கட்டாயம். ஒப்பனையைப் போடுகிற இடத்து வெளிச்சமும் மேடை வெளிச்சமும் வேறு. முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பூச்சை வெயிலில் பார்த்து அளவாகப் பூசினால், வெள்ளை எல்.இ.டியின் கீழ் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல நிற்கும். ஒருவருக்குப் பூசி மேடையில் நிறுத்தி, முன்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குத் தொடங்குங்கள்.

வரிசை: வேர்க்காமல் கனநேரம் இருக்கக்கூடியவருக்கு முதலில், அதிகம் ஓடியாடுகிறவருக்குக் கடைசியில். அழிக்கத் தேங்காயெண்ணெயும் பழந்துணியும் போதும்.

7. கரண்ட், ஒளி, ஒலி

இதில் பிழைத்தால் ஆளுக்கு ஆபத்து. வயர் வேலையைத் தெரிந்த மின்வேலைக்காரரிடம் கொடுங்கள். ஆனால் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கரண்ட் 230 வோல்ற். 1000 வாற் ஹலஜன் ஒன்று நாலரை அம்பியர் அளவுக்கு இழுக்கும். நாலு போட்டால் 18. இதை ஒரு 13 அம்பியர் பிளக்கில் கொழுவினால் பியூஸ் போகும், இல்லாவிட்டால் பிளக் உருகும். எல்.இ.டி பார் லைட் ஒன்று 150 வாற் அளவில். பத்துப் போட்டாலும் ஏழு அம்பியர் தாண்டாது. வாடகை சற்றுக் கூடினாலும் நான் எல்.இ.டிதான் கேட்பேன். ஜெனரேற்றர் சின்னதாகப் போதும்.

5 கே.வி.ஏ ஜெனரேற்றர் என்றால் 4 கிலோவாற் அளவில்தான் தரும். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். அதை மேடையிலிருந்து நூறு அடி தள்ளி, காற்று சனத்தின் பக்கமிருந்து அதை நோக்கி அடிக்கிறமாதிரி வையுங்கள். சத்தமும் புகையும் அந்தப் பக்கம் போகும். தறப்பாளால் நெருக்கி மூடக்கூடாது. ஓடும்போது எண்ணெய் விடக்கூடாது; தொடங்கும் முன் நிரப்பினால் ஒரு மணி நேர நாடகத்துக்குத் தாராளம்.

ஊரில் வட்டக்கால் 5 அம்பியர், 15 அம்பியர் பிளக்குகளும் சதுரக்கால் 13 அம்பியர் பிளக்குகளும் கலந்து கிடக்கின்றன. என்ன சொக்கற் இருக்கிறது என்று முன்பே பார்த்து, அதற்கேற்ற பலகை செய்யுங்கள். வெறும் வயரைச் சொக்கற்றுக்குள் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் வேலையை நானும் சின்ன வயதில் செய்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

சுருள் வயரை முழுவதும் விரித்துத்தான் பாவிக்க வேண்டும். சுருட்டியபடி நிறையப் பாரம் கொடுத்தால் உள்ளே சூடேறி உருகும். சனம் நடக்கிற வழியைக் கடக்கும் வயரை உயர்த்திக் கட்டுங்கள், அல்லது பலகையால் மூடுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அமத்தி, விழுகிறதா என்றும் பாருங்கள். ஒளிக்கு ஒரு லைன், ஒலிக்கு வேறு லைன். ஒன்றாகப் போட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம். ஒளிப் பக்கம் விழுந்தால் மைக்கும் செத்துப் போகும்.

லைட்டை நேரே முன்னால் வைத்தால் முகம் தட்டையாகும். இரு பக்கமும் சற்று உயரத்தில் வைத்துச் சரித்து அடியுங்கள். முதல் மழைக்குப் பிந்திய நாள் என்றால் ஈசல் வரும். வெள்ளையையும் நீலத்தையும் குறைத்து மஞ்சளைக் கூட்டினால் கொஞ்சம் குறையும். மேடைக்கு அப்பால், காற்றுக்கு எதிர்ப் பக்கமாக ஒரு வெள்ளை லைட்டைத் தனியே எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போகும். இல்லாவிட்டால் வசனம் சொல்ல வாயைத் திறக்க முடியாது.

ஒலியில் பெரிய பிழை ஸ்பீக்கரை மேடைக்குப் பின்னால் வைப்பது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனால் மைக் கூவும். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், சனத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கோயில் செற்காரர் தருவது பெரும்பாலும் தண்டு மைக்குகள். நாலு மைக்கை மேடை விளிம்பில் தாழ்வாக, அடியில் ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து நிறுத்தினால், எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்கும் பழக்கத்தை ஒழிக்கலாம். ஸ்பொஞ்ச் இல்லாவிட்டால் ஒவ்வொரு காலடியும் இடிபோலக் கேட்கும்.

பாட்டும் சத்தங்களும் போனில் இருந்தால் அதை விமானப் பயண நிலையில் வையுங்கள். மரணக் காட்சியில் மாமியின் அழைப்பு வரும்.

8. நிகழ்ச்சிக்கு முதல்நாள்

மேடை கட்டும் வரிசை இது: கப்புகள், மேல் கயிறு, பின் திரை, பக்கத் திரைகள், லைட், வயர், ஒலி, கடைசியில் நிலப்பாய். பாயை முன்பே விரித்தால் ஏணியும் செம்மண் காலும் அதைப் பாழாக்கும். திரைக்கு முன் லைட்டைக் கட்டினால் திரை கட்டும்போது லைட்டைத் திருப்பிவிடுவார்கள்.

காற்றுக்குப் பின் திரை பாய்மரம்போல ஊதும். இறுக்கிக் கட்டினால் கப்பு சாயும், தளர்வாகக் கட்டினால் நடிகரின் தலையைத் தட்டும். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி அதனால் கட்டுங்கள், இழுபட்டு மீளும். கீழ் விளிம்பில் ஒரு குழாயைக் கோத்து, மணல் நிரப்பிய உரப்பைகளைக் காலில் வையுங்கள்.

இருண்டதும் லைட்டைத் திசை பார்த்துத் திருப்புங்கள். இதைப் பகலில் செய்ய முடியாது. அதனால்தான் முதல்நாள் இரவு வேண்டும் என்று அடம்பிடிக்கிறேன். பிறகு, நடிப்பில்லாமல் மாற்றத்திலிருந்து மாற்றத்துக்குத் தாவுகிற ஒத்திகை. இரண்டு வசனம் சொல்லி, மாற்றத்தைச் செய்து, சரியென்றால் அடுத்ததுக்கு. நடிகர்களுக்கு அலுப்பாக இருக்கும். நெறியாளர் இடையில் நடிப்பைத் திருத்த வருவார். இன்றைக்கு அது இல்லை என்று தடுங்கள். 40 மாற்றங்களுக்கு இரண்டு மணி நேரம் போகும். அதன் பிறகு உடுப்போடு முழு ஓட்டம்.

ஒரு ஆளைச் சாமானுக்குக் காவலாக அங்கேயே படுக்க விடுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும்தான் முக்கியமாக. பின் திரையில் உடம்பைத் தேய்க்க மாட்டுக்கு மிகவும் பிடிக்கும்.

9. நிகழ்ச்சி நாள்

பின்னேரம் மூன்று மணிக்குப் பின்வேலைக்காரர் எல்லோரும் இடத்தில். கப்பு, கயிறு, வயர் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். நாலு மணிக்குத் தரைக்குத் தண்ணீர் தெளியுங்கள், புழுதி அடங்கும். நாலரைக்கு நடிகர்கள். ஐந்தரைக்குள் சாப்பாடு, அதன் பிறகுதான் ஒப்பனை. ஒப்பனைக்குப் பிறகு சாப்பிட்டால் மீசை சோற்றோடு போகும்.

வெளிச்சம் இருக்கும்போதே மேடைப் படியின் விளிம்பில் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போடுங்கள். பின்னால் பாவிக்கும் ரோச் லைட்டுகளின் முகத்தைச் சிவப்புக் கடதாசியால் மூடுங்கள்.

திரைக்கு அரை மணி நேரம் முன்னால் சாமான் மேசையைத் தாளோடு ஒத்துப் பாருங்கள். சாமான்காரர் பார்த்த பிறகு நீங்களும் ஒருமுறை பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு முன், ஐந்து நிமிடத்துக்கு முன் என்று நடிகர்களுக்கு நேரம் சொல்லுங்கள். ‘ஐந்து நிமிடம்’ என்று நீங்கள் சொன்னால் அவர்கள் ‘ஐந்து நிமிடம்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டுவது கணக்கில் வராது.

10. ஓடும்போது

நீங்கள் நிற்க வேண்டிய இடம் மேடையின் ஒரு பக்கம், கொப்பியோடு, திரைக்காரர் தெரிகிற இடத்தில். ஒளிக்காரர் தூரத்தில் இருந்தால் இயர்போனோடு இரண்டு போன்களில் நாடகம் முழுக்க ஒரு அழைப்பை எடுத்து வையுங்கள். அதற்கு முன் அந்த இடத்தில் சிக்னல் எப்படி என்று பாருங்கள். சரியில்லை என்றால் ரோச் லைட் அடையாளம்தான்: எரிந்தால் ரெடி, அணைந்தால் போடு.

கண் கொப்பியில் இருக்கட்டும், மேடையில் அல்ல. நல்ல திரைக்காரன் ஒருவனை நான் நாடகத்துக்கே பறிகொடுத்தேன். தாய் அழுத இடத்தில் அவனும் அழுதுகொண்டு நின்றான், கயிறு கையிலேயே இருந்தது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று முதல்நாளே முடிவு செய்திருக்க வேண்டும். எங்கள் முறை: நடிகர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். இரு பக்கமும் பற்றரி லாம்பு ஒன்று கொளுத்தப்படும். வெளி ஆள் ஜெனரேற்றருக்கு ஓடுவார். இரண்டு நிமிடத்துக்குள் வராவிட்டால் திரையை மூடுவோம். வந்ததும் விட்ட வசனத்திலிருந்து தொடங்காமல், அந்தக் காட்சியில் முன்பே குறித்து வைத்த வரியிலிருந்து தொடங்குவோம். எல்லோருக்கும் அந்த வரி தெரிந்திருப்பதால் ஒருவரும் ஒருவரைப் பார்த்து முழிக்கத் தேவையில்லை.

நடிகர் வசனத்தைத் தாண்டிவிட்டால் அவரைப் பின்னால் இழுக்காதீர்கள். கொப்பியைப் புரட்டி நீங்கள் அவரிடம் போங்கள். இடையில் தப்பிய மாற்றங்களை விட்டுவிட்டு, இப்போது இருக்க வேண்டிய நிலைக்கு லைட்டைக் கொண்டுவாருங்கள்.

பின்னால் யாரும் யாரையும் ஏசக்கூடாது. பிழை நடந்தால் கொப்பி ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். திரைத்துணி சத்தத்தை மறிக்காது.

11. முடிந்த பிறகு

எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் சாமான்காரர் மேசையை எண்ண வேண்டும். சனம் மேடையில் ஏறிய பிறகு செம்பு எங்கே என்று தேடிப் பயனில்லை.

முதலில் ஜெனரேற்றரை நிறுத்தாதீர்கள். தூர இடத்தவர்களும் பெண்பிள்ளைகளும் யாரோடு போகிறார்கள் என்று பெயர் சொல்லி எண்ணி, உழவு இயந்திரத்திலும் ஓட்டோவிலும் ஏற்றி அனுப்பும் வரை லைட் எரியட்டும். அதன் பிறகு கரண்டை முழுதாக வெட்டிவிட்டு வயரைச் சுருட்டுங்கள். ஹலஜன் பாவித்திருந்தால் ஆறும்வரை கழற்றாதீர்கள்.

படுக்கப் போகும் முன் கொப்பியில் புள்ளி வைத்த இடங்களுக்கு நேரே என்ன நடந்தது என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். காலையில் எழும்பினால் கைதட்டல் மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும்.

இரவல் சாமான்களை மறுநாளே கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முன், வெயில் ஏறுவதற்குள் மேடை நின்ற இடத்தை ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்து வாருங்கள். ஆணி, கம்பி, ஊசி எல்லாம் ஒட்டி வரும். எட்டு மணிக்குப் பிள்ளைகள் வெறுங்காலோடு அங்கே விளையாட வருவார்கள்.